சேர்வராயன் மலையில் டென்ட் அடிக்கலாமா?

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி. சேலம் மாவட்டத்துப் பாதைகளும் பட்டியலில் இருந்தன. அன்றிலிருந்து இங்கே மூன்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

"அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே போன ஆட்கள் நாங்கள், இப்போது எதற்கு டிக்கெட்?" என்பது முதல் கேள்வி. "பணம் கட்டித்தானே போகிறோம், ராத்திரி டென்ட் அடித்துத் தங்கினால் என்ன?" என்பது இரண்டாவது. "எஸ்டேட்டில் கேம்ப் ஃபயர் போடுகிறார்கள், காட்டில் மட்டும் ஏன் கூடாது?" என்பது மூன்றாவது.

மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்ல வேண்டுமென்றால், மலையில் நாம் நிற்கும் இடம் யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

### நிலம் மூன்று வகை

கீழேயிருந்து பார்க்கும்போது சேர்வராயன் மலை முழுக்க ஒரே பச்சை. வருவாய்த் துறைக் கணக்கில் அப்படி இல்லை.

1. காப்புக்காடு. அரசு அறிவித்து, எல்லைக்கல் நட்டு, வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் 21ஆம் பிரிவில் இங்கே செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் அதில் அடக்கம். அதாவது அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். டென்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2. பட்டா நிலம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்று சில்வர் ஓக் நிழலில் காப்பியும், மரத்தில் படரும் மிளகுமாகத் தெரியும் பகுதி பெரும்பாலும் தனியார் எஸ்டேட், அல்லது மலைவாழ் விவசாயிகளின் சிறு தோட்டம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அதுவும் காடாகத்தான் தெரியும். வேலி இல்லாததால் பொது இடம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

3. ஊர்ப் பொது நிலம். கோயிலைச் சுற்றிய இடம், மேய்ச்சல் புறம்போக்கு, சுனை, ஊருக்கு ஊர் போகும் ஒற்றையடிப் பாதை. கணக்கில் அரசு நிலமாக இருந்தாலும் புழக்கத்தில் ஊருடையது.

முதல் கேள்விக்கான பதில் இதிலேயே கிடைத்துவிடுகிறது. பழைய பாதைகள் பல இந்த மூன்று வகை நிலத்தையும் மாறி மாறிக் கடக்கின்றன. ஊர்க்காரர் அவ்வழியே நடப்பது அவர்களுடைய வாழ்க்கை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைக்கூட அங்கீகரிக்கிறது. நாம் நடப்பது பொழுதுபோக்கு, அதற்கு அந்த உரிமை நீளாது. கடுக்காய் பொறுக்கப் போகிறவரைக் காட்டி "அவர் போகலாம், நான் போகக்கூடாதா?" என்று வனக்காவலரிடம் வாதாடுவதில் பொருளில்லை.

இரண்டாவது கேள்விக்கும் பாதி பதில் வந்துவிட்டது. முன்பதிவுச் சீட்டு என்பது குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட பாதையில், வழிகாட்டியோடு நடந்து திரும்ப ஓர் அனுமதி. அதை வைத்துக்கொண்டு விரும்பிய இடத்தில் இரவு தங்க முடியாது.

### 'தடம் விடாதே' விதிகள் எங்கிருந்து வந்தன

மலையேற்றக் குழுக்கள் அடிக்கடி சொல்லும் 'லீவ் நோ ட்ரேஸ்' என்பதை, வந்துபோன தடம் தெரியாமல் திரும்புவது என்று புரிந்துகொள்ளலாம். இது அமெரிக்காவில் உருவான ஒழுங்கு. அங்கே 1960களிலும் 70களிலும் காடுகளுக்குப் போகிற கூட்டம் பெருகியது. குப்பை, கருகிய தரை, மிதிபட்டு மொட்டையான ஏரிக்கரை என்று சேதம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது அந்நாட்டு வனத்துறை இந்தப் பாடத்தை உருவாக்கியது. 1994இல் அதற்கென்றே தனி அமைப்பும் வந்தது. ஏழு விதிகள்:

1. முன்கூட்டியே திட்டமிடு.
2. தாங்கக்கூடிய தரையில் மட்டும் நட, தங்கு.
3. கழிவை முறையாக அகற்று.
4. கண்டதை அங்கேயே விடு.
5. நெருப்பின் பாதிப்பைக் குறை.
6. விலங்குகளை மதி.
7. பிற பயணிகளை எண்ணி நட.

ஏழும் நல்ல விதிகள். ஆனால் இவை எழுதப்பட்ட நிலம் வேறு. 1964ஆம் ஆண்டின் அமெரிக்க வனாந்தரச் சட்டம், மனிதன் தங்காமல் வந்துபோகும் விருந்தாளியாக மட்டும் இருக்கும் இடத்தைத்தான் வனாந்தரம் என்கிறது. சேர்வராயன் மலையில் அப்படி ஒரு மூலையைத் தேடிப் பாருங்கள். நாகலூர், செம்மடுவு, கொட்டச்சேடு, வெள்ளக்கடை என்று ஊருக்கு ஊர் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். (பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் மலையாளிகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், பேசுவது தமிழ்.) 'ஆளில்லாத காடு' என்று ஒருவர் வீடியோ எடுக்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் யாரோ ஒருவருடைய மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

அதனால் இந்த ஏழையும் அப்படியே மனப்பாடம் செய்வதால் பெரிய பயனில்லை. ஒவ்வொன்றும் இந்த மலையில் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் சம எடை கொண்டவையும் அல்ல. இங்கே முதலிடம் நெருப்புக்கு, அடுத்த இடம் தண்ணீருக்கு.

### நெருப்பு

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இடைப்பட்ட சரிவின் கீழ்ப்பகுதி முழுக்க முட்புதரும் இலையுதிர் காடும். ஜனவரி தாண்டியதும் இலை கொட்டும், புல் காயும், மூங்கில் உலரும். அழகுச்செடியாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்று காடு முழுக்கப் பரவிவிட்ட உண்ணிச்செடி வேறு, தரையில் பிடிக்கும் தீயை மரத்தின் நடு உயரத்துக்கு ஏற்றிவிடும் ஏணியாக நிற்கிறது.

இதில் நெருப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் புரிந்துகொண்டால் மீதி விதிகள் தானாக விளங்கும்.

1. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவில் எரியும் தீயின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்து விடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. மலையேறிக் களைத்த ஆள் அதை முந்த முடியாது.

2. அணைந்தது போலத் தெரியும் தீ அணைந்ததாகாது. மட்கிய சருகுக்கும் வேருக்கும் அடியில் கனல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்ணைப் போட்டு மூடினால் அணையாது, கண்ணுக்கு மறைந்துவிடும், அவ்வளவுதான். மறுநாள் மதியக் காற்றில் அது எழுந்தால், மூட்டியவர்கள் அந்நேரம் சேலம் பஸ் ஸ்டாண்டில் இருப்பார்கள்.

3. பீடி, சிகரெட், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் இதே கணக்குதான். 'கேம்ப் ஃபயர்தானே கூடாது, மேகி வேகவைக்கலாமே' என்ற சமாதானம் காப்புக்காட்டில் செல்லாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்தும், நமக்குப் பக்கத்து ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் போன இரு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 உயிர்கள் போயின. காய்ந்த புல் சரிவு, மார்ச் மாதம், மதியக் காற்று. அந்த மூன்றும் சேர்வராயன் மலைக்கும் உண்டு. மலையேற்றத்துக்குத் தனி ஒழுங்குமுறை விதிகளை அரசு 2018இல் கொண்டுவந்ததும், 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ட்ரெக் தமிழ்நாடு பாதைகளை மூடியதும் இந்தப் பின்னணியில்தான். 'சீசன் நேரத்தில் மூடிவிட்டார்கள்' என்று அலுத்துக்கொள்கிறோம். தீக்கும் அதுதான் சீசன்.

சரி, எஸ்டேட்டில் மட்டும் எப்படி? அங்கே சட்டம் வேறு, ஏனென்றால் அது பட்டா நிலம். உரிமையாளர் சம்மதத்தோடு, சருகு கூட்டிய தரையில், கல் கட்டிய குழியில், தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூட்டலாம். ஆனால் காப்பித் தோட்டத்தின் தரை முழுக்கச் சருகு மெத்தை. மண்ணின் ஈரம் காக்க வேண்டுமென்றே விட்டுவைத்தது அது. எனவே குழி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. 'வசதிகளில் கேம்ப் ஃபயரும் உண்டு' என்று மட்டும் விளம்பரத்தில் போட்டிருப்பது போதாது.

அணைக்கும் முறை: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

தீ துரத்தினால்? மேலே ஓடக்கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து, புல் இல்லாத பாறைத் தரைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ போக வேண்டும். எரிந்த இடத்தில் மறுபடி எரிய எதுவும் இருக்காது.

### தண்ணீர்

சேலத்துக்கு ஊடே ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பது சேர்வராயன் மலையில். சரபங்கா நதியும் இந்த மலையில்தான் பிறக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் அடிவாரத்து ஓடைகள் தண்ணீர் தருகின்றன. மேலே ஏற்காடு ஏரியின் உபரி நீர்தான் கீழே கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரிப் பக்கம் ஷாம்பு பாக்கெட்டைக் கிழிப்பவருடைய நுரையில்தான் அருவியில் நிற்பவர் குளிக்கிறார். மலை ஊர்களிலோ இன்னும் நேரடி: சுனையில் ஊறுவது குடத்துக்குள் போகிறது.

அமெரிக்க விதி 200 அடி என்கிறது. ஓடை, ஏரி, சுனை எதுவானாலும் அதிலிருந்து பெரியவர் நடையில் ஏறத்தாழ 70 எட்டு தள்ளித்தான் டென்ட், குளியல், பாத்திரம் கழுவுதல், மலம் கழித்தல் எல்லாம். தண்ணீரை மொண்டு வந்து தள்ளி வைத்துப் பயன்படுத்த வேண்டும். 'இயற்கை சோப்பு' என்று அட்டையில் போட்டிருந்தாலும் இதுவே விதி. மண்ணில் மட்கும் சோப்புக்கும் மட்க மண் வேண்டும். ஓடும் தண்ணீரில் அது மட்காது.

மலம் கழிப்பது பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அதனாலேயே தவறு அதிகம் நடப்பதும் இதில்தான். புத்தக விதி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, போய், மண்ணால் மூடுவது. அந்த ஆழத்து மண்ணில்தான் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதிகம். ஆனால் இந்த மலையில் பல இடங்களில் நாலு அங்குலத்தில் பாறை தட்டும். மழைக்காலத்தில் மேல்மண் அரித்துக்கொண்டு ஓடும். காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிடும். ஒருவர் இருவர் என்றால் குழி சரி. இருபது பேர் கொண்ட அலுவலகக் குழு ஒரே மேட்டில் இருபது குழி தோண்டினால் அது திறந்தவெளிக் கழிப்பிடம், வேறு பெயர் கிடையாது. அப்படிப்பட்ட குழு கழிப்பறை உள்ள இடத்தில்தான் தங்க வேண்டும். கிளம்பும் முன் அடிவாரத்திலேயே முடித்துக்கொள்வதும் திட்டமிடலில் சேரும்.

ஈரத் துடைப்பான், நாப்கின், குழந்தைகளின் டயாபர் மூன்றையும் புதைக்கவே கூடாது. அவற்றில் பிளாஸ்டிக் இருக்கிறது. உள்ளே தெரியாத கறுப்புப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

### குப்பையில் நாம் விடும் ஓட்டை

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக்கை எல்லாருக்கும் தெரியும், அதனால் அதை விடுவோம். படித்தவர்கள்கூடத் தயங்காமல் வீசுவது ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல், மிச்சச் சாப்பாடு. 'மட்கிவிடும்தானே?' மட்கும், உடனே இல்லை. அதற்குள் குரங்கு வந்துவிடும்.

ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். காட்டுக்குள் தின்ன எவ்வளவோ இருந்தும் குரங்குகள் தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது கார் ஜன்னல். விளைவு, வண்டியில் அடிபடும் குட்டிகள், பையைப் பிடுங்கும் ஆண் குரங்குகள், தோட்டக்காரருக்குக் கூடுதல் தொல்லை. நாம் ஒருமுறை போடுகிறோம், ஊர்க்காரர் வருடம் முழுக்க அனுபவிக்கிறார்.

கண்ணாடிப் பாட்டில் தனி ரகம். உடைந்த சில்லு எத்தனை வருடமானாலும் மட்காது. காட்டெருமையின் குளம்புக்கும், செருப்பில்லாமல் நடக்கும் ஊர்ப் பிள்ளைகளின் காலுக்கும் அது காத்திருக்கும். நீலகிரியில் 2022இல் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்ததற்குக் காரணம் இதுவே. மலையில் குடிப்பதே கூடாது என்பது வேறு பேச்சு.

### காட்டெருமை

காப்பித் தோட்டங்களில் காட்டெருமை இப்போது சாதாரணக் காட்சி. முழு வளர்ச்சி பெற்ற காளை ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு.

அது பக்கவாட்டில் திரும்பி, திமிலையும் உடம்பையும் முழுசாகக் காட்டி நின்றால் போட்டோவுக்கு போஸ் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 'என் அளவைப் பார்த்துக்கொள்' என்கிற எச்சரிக்கை அது. சீறல், தலை தாழ்த்துதல் எல்லாம் அதற்கு அடுத்த கட்டம். செய்ய வேண்டியது எளிது: நின்று, பேசாமல் பின்வாங்கி, அது போக வழி விட்டுக் காத்திருப்பது. வட்டமாகச் சுற்றி நிற்கக்கூடாது, வழியில்லாத விலங்குதான் பாயும். கன்றுடன் இருக்கும் தாயிடம் இன்னும் தூரம் வேண்டும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் பற்றிப் பலரும் ரசனைக் குறைவு என்று குறைப்படுகிறார்கள். என் கவலை வேறு. பாட்டு ஓடினால் புதருக்குள் சருகு நொறுங்கும் சத்தம் காதில் விழாது.

### பாதை, கல், செடி

வளைந்து போகும் மலைப்பாதையில் இரு வளைவுகளுக்கு நடுவே நேராக இறங்கினால் பத்து நிமிடம் மிச்சம். இருபது பேர் இறங்கினால் அங்கே புல் போய்விடும். அடுத்த மழையில் அது வாய்க்கால், அதற்கடுத்த மழையில் பள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு சாலையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தோம். அந்தச் சரிவுக்குக் குறுக்குவழி காரணமில்லை. இந்த மண் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு அளவாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

செடி பிடுங்குவது பற்றி ஒன்று. இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டமே வைத்திருக்கிறது. மரக்கிளையில் ஒட்டி வாழும் ஆர்க்கிட்டைப் பிய்த்து வந்து சூரமங்கலம் வீட்டு மாடித் தொட்டியில் வைத்தால், அந்த மரப்பட்டையும் மூடுபனியும் இல்லாமல் அது தங்குவது கடினம். பூவைப் பார்க்க ஆசையென்றால் தோட்டத்துக்குப் போகலாம்.

திரும்பும்போது காலுறையிலும் செருப்பிலும் ஒட்டிய விதைகளைத் தட்டிவிட்டு வருவது நல்லது. பார்த்தீனியம் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

### மனிதர்கள்

ஏழாவது விதி 'பிற பயணிகளை எண்ணி நட' என்கிறது. இங்கே அதைத்தான் அதிகம் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எதிரில் வருபவர் பெரும்பாலும் பயணி இல்லை.

மலையுச்சியில் சேர்வராயன் குகைக்கோயில் இருக்கிறது. மலைக்கே பெயர் கொடுத்த சாமி, உடன் காவேரி அம்மன். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று ஊர்களிலிருந்து மலையாளி மக்கள் திரள்வார்கள். சுற்றியிருக்கும் புல்வெளி பார்க்கத் திறந்த மைதானம் போல இருக்கிறது. ட்ரோன் விடவும் டென்ட் அடிக்கவும் தோதான இடம் என்று தோன்றும். அது கோயில் நிலம் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னபிறகு கிளம்புவதைவிட, முதலிலேயே கேட்டுவிடலாம்.

கேட்பதென்றால் யாரிடம், என்னவென்று?

1. காப்புக்காடு என்றால் வனத்துறையிடம். இணைய முன்பதிவு இருக்கும் பாதைகளுக்கு அது வழியாக, இல்லாதவற்றுக்கு வனச்சரக அலுவலகத்தில். வாய்மொழி அனுமதியை நம்பிப் போகக்கூடாது.

2. எஸ்டேட் என்றால் உரிமையாளர் அல்லது மேலாளரிடம். முகாம் நடத்தும் ஆளிடம் நிலம் யாருடையது, இரவில் அவசரமென்றால் வண்டி எங்கே நிற்கும், கழிப்பறை எத்தனை என்ற மூன்று கேள்விகள் போதும். தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

3. ஊர் வழியே போனால், முதலில் பார்க்கும் பெரியவரிடம். "அண்ணா, இந்த வழியா போலாங்களா? சுனை எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். எந்த வளைவில் நேற்று காட்டெருமை நின்றது என்பதும் சேர்ந்து வரும்.

டென்ட் அடிக்கச் சமதளம் தேடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று இருக்கிறது. சரிவான இந்த மலையில் கல் பொறுக்கி, மட்டம் பார்த்து, சுத்தமாகப் பெருக்கிய தரை கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் காப்பி உலர்த்தும் களம். டிசம்பர், ஜனவரியில் பழம் பறித்து வந்து அங்கேதான் காயப்போடுவார்கள். சாயங்காலம் காலியாகத் தெரிகிறதே என்று டென்ட் அடித்துவிட்டால், காலையில் கூடையோடு வருகிறவர் நம்மை எழுப்ப வேண்டியிருக்கும்.